சீட்டின் கடைசி வரி

போன் அலறியது!

முன்னாள் சிப்பாய் எட்டி எடுத்தான். அவனுடைய உடைந்த முதுகைத் தாங்கும் இடுப்புப் பட்டையின் கொக்கியைக் குனிந்து மாட்டிக்கொண்டிருந்தான், பட்டாளத்துக் கூட்டாளி டிரைவர்.

"வக்கீல் பேசறேன். பக்கத்துல யாரு?"

"டிரைவர் மேடம். இன்னிக்கி அவன்தானே எனக்குச் சாட்சி!"

"முகத்துல எதையும் காட்டாம கேளுங்க. உங்க ஊன பென்ஷனை மறுத்த பைலோட நகல் இப்பத்தான் வந்துச்சு. பட்டாள லாரி கவிழ்ந்த அன்னிக்கி நீங்க லீவாம். வீட்டு மாடிப்படியில விழுந்துதான் முதுகு உடைஞ்சதாம். எழுதிக் கையெழுத்துப் போட்டது..."

"யாரு?"

"உங்க சாட்சி."

கொக்கி 'க்ளிக்' என்று மாட்டியது.

"இறுக்கமா இருக்கா மாப்ளே?" என்றான் டிரைவர்.

"மூச்சு முட்டுது!"

பதினோரு மணி. மேல்முறையீட்டு அறை.

கடைசி அப்பீல். தோற்றால் பென்ஷன் மட்டுமல்ல, முதுகு ஆபரேஷனும் கிடையாது.

டிரைவர் செயற்கைக் காலை ஊன்றி எழுந்தான். "மன்னிச்சிரு மாப்ளே... பொய் சொல்ல மனசு வரல. அன்னிக்கி லாரியில நான் மட்டும்தான் இருந்தேன், ஐயா!"

சிப்பாய் டிரைவரைத் திரும்பிப் பார்த்தான். இப்படிப் பேசுவது இந்த நாக்கா...? இவனைத்தானே கவிழ்ந்த லாரியிலிருந்து முதுகில் சுமந்து வந்தான்!

அன்றைக்கு ஸ்டியரிங் பிடித்த இவனிடம் சாராய வாடை. அது தெரிந்த ஒரே ஆள் சிப்பாய். அவன் லாரியிலேயே இல்லை என்றாகிவிட்டால்...?

வக்கீலம்மா நிதானமாக எழுந்தாள்.

"அதே விபத்துக்கு நீங்க பென்ஷன் வாங்கறீங்க இல்ல?"

"காலே போச்சே மேடம்!"

"அதுக்கு ராணுவ ஆஸ்பத்திரிச் சீட்டை இணைச்சது யாரு?"

"நான்தான்."

"படிச்சீங்களா?"

"கால் எடுத்தாச்சுன்னு இருந்துச்சு. அதுக்கு மேல என்னத்தைப் படிக்க?"

"கடைசி வரி இருக்கே! ஐயா, இவர் பைலையும் வரவழைச்சிருக்கீங்களே... படிங்க."

விசாரணைத் தலைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"நோயாளியைத் தூக்கி வந்தவரின் படை எண்..."

நிறுத்தினார். சிப்பாயின் பைலைப் புரட்டினார்.

அதே எண்!

"தூக்கிட்டு வந்தவருக்கும் முதுகுல அடி. படுக்க வெச்சோம்னு டாக்டரே எழுதியிருக்கார்." தலைவரின் குரல் உயர்ந்தது. "அப்பீல் ஏற்கப்படுது! லீவுன்னு பொய் எழுதினவர் பைலைத் திரும்ப விசாரிக்கணும். அந்த லாரி ஏன் கவிழ்ந்துச்சுன்னும் சேர்த்து!"

டிரைவரின் செயற்கைக் கால் வழுக்கியது. தரையில் சரிந்தான்.

"மாப்ளே... எந்திரிக்க முடியல... ஒரு கை குடுடா..."

சிப்பாய் பைலை அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"ஒருதடவை தூக்கினதுக்கே இத்தனை வருஷம் அலைஞ்சிருக்கேன். இனிமே வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் ஆர்டர், மாப்ளே!"