பூனைக்குப் பிடித்த சைக்கிள்

மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்துவிட்டு, படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஆளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? குப்புவின் அண்ணன் பச்சமுத்து அப்படிப்பட்டவன்தான். கரை கண்ணுக்கு மறைவதற்குள் அவன் முகம் வெளுத்துவிடும். "வலையைப் பிடிக்கிறதா, இவனைப் பிடிக்கிறதா?" என்று அப்பா அலுத்துக்கொள்வார்.

ஆனால் சைக்கிள் என்றால் அவனுக்கு உயிர். அவர்கள் ஊரான கிள்ளையில் யாருடைய சைக்கிள் கெட்டுப்போனாலும் அவன் கைதான் முதலில் அதைத் தொடும்.

அந்த வருஷம் பிளாக் ஆபீஸில், புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குக் கடன் கொடுத்தார்கள். கடலூரில் மூன்று மாதம் பயிற்சியும் கொடுத்தார்கள். பச்சமுத்து போய்ப் படித்துவிட்டு வந்தான். கடன் பணத்தில் ஐந்து சைக்கிள்கள் வாங்கினான். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வாடகை சைக்கிள் கடை போட இடமும் பார்த்தான்.

கடன் வாங்கிய பிள்ளைகளின் கடைகளுக்குப் போய் யோசனை சொல்வதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவர் பெயர் தேவசகாயம். யார் எந்தத் தொழிலைச் சொன்னாலும் அவர் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். பச்சமுத்துவைப் பார்க்க வீட்டுக்கு வந்தபோதும் அதையே கேட்டார்.

"சரி தம்பி, இது யாருக்கு வேணும்?"

"டவுன் ஆளுங்களுக்கு சார். காலேஜ் பசங்க, ஓட்டல்காரங்க, ஆபீஸ் போறவங்க" என்றான் பச்சமுத்து.

"நல்லது. கடை திறந்து ஒரு மாசம் கழிச்சு வந்து பார்ப்பேன். கடை ஓடினா இன்னும் அஞ்சு சைக்கிளுக்குக் கடன் கிடைக்கும். ஓடலைன்னா இந்த அஞ்சையும் வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லிடுவாங்க."

"அப்போ எங்க அண்ணன் கதி?" என்று கேட்டாள் பத்து வயதுக் குப்பு.

"மறுபடியும் கடலுக்குத்தான்" என்றான் பச்சமுத்து. சொல்லும்போதே அவன் முகம் வெளுத்துவிட்டது.

கடை திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, சைக்கிள்கள் குப்புவின் வீட்டு வாசலில் நின்றன. பச்சமுத்து கடைக்குக் கூரை போட சிதம்பரம் போயிருந்தான். குப்பு பளபளக்கும் சைக்கிள்களைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒரு சக்கரத்தில் பொட்டு மாதிரி துரு தெரிந்தது. அவளுக்குப் பகீர் என்றது.

'ஐயோ, உப்புக்காத்து தின்னுடுமே!'

உப்புத் தண்ணீரில் படகு கெடாமல் இருக்க அப்பா என்ன செய்வார்? சுறா எண்ணெய் தடவுவார். அந்த எண்ணெய் டின் வீட்டின் பின்னால்தான் இருந்தது. குப்பு ஒரு கந்தல் துணியை எடுத்தாள். சக்கரம், ஹேண்டில்பார், கேரியர், தோல் சீட்டு என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் ஐந்து சைக்கிளுக்கும் தேய் தேய் என்று தேய்த்தாள். வேலை முடிந்தபோது சைக்கிள்கள் மின்னின. வாடை? கடற்கரையில் பிறந்தவளுக்கு அது எப்படித் தெரியும்?

சிதம்பரத்துக்காரர்களுக்குத் தெரிந்தது.

சைவ ஓட்டல் சபாபதிதான் முதல் வாடிக்கையாளர். வீடு வீடாகச் சாப்பாடு கொடுக்கச் சைக்கிள் எடுத்துப் போனவர், அரை மணியில் திரும்பி வந்தார்.

"ஏம்ப்பா, சாம்பார்ல என்னா வாடைன்னு எல்லாரும் என்னைக் கேக்குறாங்க! இத்தனை வருஷமா நான் சேர்த்த பேரு என்னா ஆவறது?"

அடுத்து வந்த காலேஜ் பையன் சீட்டில் உட்கார்ந்தான். உட்கார்ந்த வேகத்தில் எழுந்தான். பேன்ட்டின் பின்பக்கத்தைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு நடையைக் கட்டினான்.

பச்சமுத்து சீயக்காய் போட்டுக் கழுவினான். சாம்பல் போட்டுத் தேய்த்தான். எலுமிச்சம்பழம்கூட வாங்கிப் பிழிந்தான். இரும்பு சுத்தமாகிவிட்டது. தோல் சீட்டு மட்டும் குடித்த எண்ணெயை விட மாட்டேன் என்றது. அவன் குப்புவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

கடை திறந்த இரண்டு வாரத்திலேயே தேவசகாயம் ஒரு தடவை வந்தார். "எப்படி ஓடுதுன்னு பார்க்கிறேன்" என்று ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வரை போனார். திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, இதை வாசல்ல நிறுத்திட்டு உள்ளே போனேன். வந்து பார்த்தா மூணு பூனை சீட்டை நக்கிக்கிட்டு இருக்கு. ஏன்?"

பச்சமுத்து தலையைக் குனிந்துகொண்டான். அண்ணனுக்குச் சோறு கொண்டுவந்திருந்த குப்பு முன்னால் வந்தாள்.

"நான்தான் சார். துருப் பிடிக்கக் கூடாதுன்னு சுறா எண்ணெய் தடவிட்டேன்."

தேவசகாயத்தின் மீசை துடித்தது. அது கோபமா சிரிப்பா என்று குப்புவுக்குப் புரியவில்லை. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பேசினார்.

"இன்னும் ரெண்டு வாரம் இருக்கு. நான் கண்ணால பார்க்கிறதைத்தான் ஆபீஸுக்கு எழுத முடியும். யோசிங்க. இந்த சைக்கிள் யாருக்கு வேணும்?"

"பூனைக்குத்தான் வேணும்" என்று முணுமுணுத்தான் பச்சமுத்து.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அண்ணனுக்குச் சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு குப்பு முதல் பஸ்ஸுக்கு நின்றாள். அவள் அம்மா தனக்கோடியும் இன்னும் சில பெண்களும் மீன் கூடைகளோடு அங்கே நின்றார்கள். பஸ் வந்ததும் கண்டக்டர் கையை நீட்டித் தடுத்தார்.

"கூடை ஏத்தக் கூடாதும்மா. வாடை தாங்காம பாசஞ்சர் எல்லாம் எங்கிட்ட சண்டைக்கு வராங்க."

அது புதுசு இல்லை. தினமும் கேட்டுப் பார்த்துவிட்டு, அம்மா சிதம்பரம் மார்க்கெட்டுக்கு நடந்துதான் போவாள். ஆனால் அன்றைக்குக் குப்பு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். தலையில் கூடையோடு அம்மா பின்னால் போய்ச் சின்னதாகிக்கொண்டே வந்ததைப் பார்த்தாள். அவளுக்கு அழுகையாக வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கண்டக்டரிடம் கேட்டாள்: "கூடை இல்லாட்டி எங்கம்மாவை ஏத்திக்குவீங்களா?"

"கூடை இல்லாட்டி என்னா, மகாராணி கணக்கா வரட்டுமே!"

பஸ் சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் குப்புவின் தலைக்குள் ஏதோ சுற்றத் தொடங்கியது. கடைக்கு ஒரே ஓட்டமாக ஓடினாள்.

"அண்ணே! மீன் வாடையைக் கண்டு பயப்படாதது எது?"

"பூனை."

"இல்லண்ணே, மீனு! நம்ம கேரியர்ல மீன் கூடையைக் கட்டினா மீன் கோவிச்சுக்குமா? கூடை சைக்கிள்ல வரட்டும். அம்மா பஸ்ஸுல வரட்டும்!"

பச்சமுத்துவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது டவுன் கடை குப்பு. மீன் கூடை கட்டவா நான் கடலூர் போய்ப் படிச்சேன்?"

"சார் யாருக்கு வேணும்னு கேட்டாரு இல்ல? அம்மாவுக்கு வேணும்ணே."

வெயில் ஏறியபிறகு வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்த அம்மாவைப் பச்சமுத்து மார்க்கெட்டில் போய்ப் பார்த்தான். நடந்து வந்ததில் மீன் வாடிப்போய், அம்மா தான் கேட்ட விலையில் பாதிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தவன் கயிற்றையும் சாக்கையும் எடுத்துக் கேரியர்களில் கட்டத் தொடங்கினான்.

சாயங்காலமே அவனும் அவன் மச்சான் ஆண்டியும் கூட்டாளிகளும் சைக்கிள்களை ஊருக்கு ஓட்டி வந்தார்கள். கொஞ்சம் வாடகைக்குக் கூடையைக் கொண்டுபோகிறோம் என்றதை மீன்காரப் பெண்கள் சுலபத்தில் நம்பவில்லை.

"எம் மீனைத் தூக்கிக்கிட்டு இந்த ஆண்டி எங்கனா ஓடிட்டான்னா?" என்றாள் ரத்தினம்மாள்.

"அந்த சைக்கிள்ல எங்க ஓடினாலும் பூனை காட்டிக் குடுத்துடும்" என்றாள் தனக்கோடி. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தபிறகு மாட்டேன் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

சொன்னபடி ஒரு மாதம் முடிந்த அன்று, காலையிலேயே தேவசகாயம் வந்தார். கடையில் பச்சமுத்து இருந்தான். பள்ளிக்கூடம் லீவு என்பதால் குப்புவும் இருந்தாள். சைக்கிள் மட்டும் ஒன்றுகூட இல்லை.

தேவசகாயத்தின் முகம் மாறிவிட்டது. "என்ன தம்பி இது? சைக்கிளை வித்துட்டியா?"

"எல்லாம் வாடகைக்குப் போயிருக்கு சார். இப்போ வந்துடும்" என்றான் பச்சமுத்து.

சொல்லி வாய் மூடவில்லை. தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டது. ஆண்டி முன்னால் வர, ஐந்து சைக்கிள்களும் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றின் கேரியரிலும் மீன் கூடை. ஓட்டல் வாசலில் நின்ற சபாபதி மூக்கைப் பொத்திக்கொண்டே கையை ஆட்டினார். கடைசி சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பூனை வந்தது.

தேவசகாயம் இந்தத் தடவை இருமவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடுத்த அஞ்சு சைக்கிளுக்கு எழுதிடுறேன் தம்பி. அது டவுனுக்கு! பாப்பா, அதுக்கு மட்டும் எண்ணெய் தடவாம இரும்மா."

"தடவ மாட்டேன் சார்!" என்று குப்பு தலையை வேகமாக ஆட்டினாள். பச்சமுத்து அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினான்.

அப்போது கிள்ளை பஸ் வந்து நின்றது. வெறுங்கையை வீசிக்கொண்டு அம்மா இறங்கினாள். குப்பு ஓடிப்போனவள் நடுவிலேயே நின்றுவிட்டாள். கூடை இருந்த அந்தத் தலையில் ஒரு முழம் கனகாம்பரம் இருந்தது.

"என்னாடி அப்படிப் பாக்குற?" என்றாள் அம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு. "கூடையை வச்சா பூ நசுங்கிடும். இப்பத்தான் எடம் கெடச்சுது."

குப்பு அம்மாவை இழுத்துக் குனியவைத்து, அந்தத் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மீன் வாடைதான் அடித்தது. அவளுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.