காலி டாங்க் இவ்வளவு நேரம் எரியாது!

ஃபோன் அலறியது!

விமானிகள் அறையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்த பம்பரம், பாய்ந்து எடுத்தாள். அவளும் போர் விமானிதான். ஓரிடத்தில் உட்கார மாட்டாள். அதனால் அந்தப் பெயர்.

“டவர்லேர்ந்து பேசறேன்... மேடம், நீங்களா?” எதிர்முனைக் குரல் நடுங்கியது. “பக்கத்துல வேற யாராவது இருந்தா ஃபோனைக் குடுங்களேன்...”

“ஏன், எனக்குக் காது இல்லையா? சொல்லுய்யா!”

“உங்க வீட்டுக்காரர் ஜெட்... மேலே கிளம்பவே இல்ல மேடம். ஓடுபாதையைத் தாண்டிக் கால்வாய்ல போய் மோதிடுச்சு... எரியுது!”

ரிசீவர் கீழே விழுவதற்குள் அவள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மழை. கரும்புகை. தீயணைப்பு வண்டிகள்.

இரண்டு கைகள் அவளை வளைத்துப் பிடித்தன. அண்ணன்! கூடப்பிறந்தவன். அதே படையில் விமானி.

“போகாத பாப்பா... பாக்காத...”

“விடு அண்ணா!”

“அவன் போயிட்டாம்மா...”

அவள் அப்படியே நின்றாள். நுரையை வாரி இறைத்தார்கள். தீ அடங்கவில்லை.

அடங்கவே இல்லை...

* * *

அந்த வாரக் கடைசி.

விசாரணை அறையில் மூன்று நாற்காலி. பம்பரம் மட்டும் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள்.

“உக்காரும்மா. எனக்கே தலை சுத்துது,” என்றார் விசாரணை அதிகாரி. தலை நரைத்த பெண்மணி. வாயில் எப்போதும் ஒரு இருமல் மிட்டாய்.

“உக்காந்தா அழுதுடுவேன் மேடம். கேளுங்க.”

“உன் வீட்டுக்காரருக்கு மூணுவாட்டின்னு ஏன் பேரு?”

“டேக்-ஆஃப் கணக்கை மூணு வாட்டி போடுவார். எடை, வெயில், காத்து, தரை ஈரம்... எல்லாத்தையும் பாத்து, ‘இந்த வேகம் வரைக்கும் பிரேக் போட்டா நிக்கும், அதுக்கு மேல நிக்காது’ன்னு ஒரு வேகம் வரும். அதை முழங்கால்ல கட்டற அட்டையில எழுதிக்கிட்டுதான் வண்டியே ஏறுவார். வீட்ல பால் பொங்கறதுக்குக்கூட கணக்குப் போடுவார் மேடம்!”

“அந்த அட்டை எரிஞ்சு போச்சு.” குறுக்கிட்டார் கமாண்டர். பொறுமை இல்லாத மனிதர். வாட்சைப் பார்த்தார். “ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி டவருக்குப் படிச்சுக் காட்டியிருக்கான். வண்டி என்னமோ சரியில்லேன்னு அந்த வேகத்துக்கு முன்னாடியே பிரேக் போட்டிருக்கான். நிக்கல. கணக்குத் தப்பு. சாயங்காலத்துக்குள்ள ஃபைலை மூடணும்.”

“ஏன் சார் இவ்ளோ அவசரம்?”

“மேல இருந்து கேக்கறாங்க!”

விசாரணை அதிகாரி அண்ணன் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு ஜோடியா பறக்க இருந்தது நீங்கதானே?”

“ஆமா மேடம். ரெண்டு ஜெட். முந்தின நாள் தூரப் பயணம்னு இறக்கைக்குக் கீழ இருக்கற டாங்க்கை எல்லாம் நிரப்பினாங்க. பயணம் ரத்து. அதனால வடிச்சாச்சு.”

“வடிச்சதுக்கு என்ன சாட்சி?”

“அந்த டாங்க்குக்கு மீட்டர் கிடையாது. தட்டித்தான் பாக்கணும். அவன் டாங்க்கை நான் தட்டணும், என் டாங்க்கை அவன் தட்டணும். அதுதான் எங்க வழக்கம். காலின்னா டங்னு கேக்கும். நிறைஞ்சிருந்தா தொப்புன்னு அமுங்கும்.” அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “அன்னிக்கு மழைன்னு ரெண்டு பேரோடதையும் நானே தட்டிட்டேன். டங். என்னமோ பாவம்... அன்னிக்குத் தரை ஈரத்தைச் சேர்க்க மறந்துட்டான் போல. மனுஷன்தானே?”

“கணக்கை நீங்களும் போட்டு ஒத்துப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அதேதான் வந்துச்சு.”

கமாண்டர் உறுமினார். “உனக்கு எப்பதான்யா வேற வந்திருக்கு?”

படை முழுக்க அண்ணனுக்கு ‘அதேதான்’ என்றுதான் பெயர். பக்கத்து விமானி எண்களைப் படித்தால், பென்சிலைத் தொடாமலேயே ‘அதேதான்’ என்பான்.

பம்பரத்தின் நடை சட்டென்று நின்றது.

“மேடம்... பக்கத்துப் பயணத்துக்கு உள்ள இருந்தது கொஞ்சம் எரிபொருள்தான். காலி டாங்க் அவ்வளவு நேரமா எரியும்?”

கமாண்டரின் முகம் வெளுத்தது.

* * *

மதியம் அவள் கமாண்டர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், அந்த இன்னொரு ஜெட் எங்க?”

“சீல் வெச்சுக் கொட்டகையில நிக்குது. எதுக்கு?”

“சாவி வேணும்.”

கமாண்டர் எழுந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார்.

“இதை நீ வேற யார்கிட்டயாவது சொன்னியா?” குரல் தாழ்ந்திருந்தது.

“இல்ல சார்...”

“சொல்லாத!”

* * *

விசாரணை நடந்து மூன்றாவது நாள் காலை.

தீயணைப்பு வண்டி ஓடுபாதையில் தண்ணீர் பீய்ச்சியது. கொட்டகையிலிருந்து ஜோடி ஜெட் வெளியே வந்தது. இரண்டு சீட் வண்டி.

“மூணுவாட்டி சொன்ன வேகம் வரைக்கும் ஓட்டிப் பிரேக் போடறோம்,” என்றார் விசாரணை அதிகாரி. “நின்னா அவர் கணக்கு சரி. நிக்கலேன்னா தப்பு. அதே எடை, அதே ஈரம். சீல் வெச்சதுலேர்ந்து இந்த ஜெட்டை யாரும் தொடல. முன்னாடி இந்தப் பொண்ணு. பின்னாடி நீங்க.”

“நானா?” அண்ணன் பின்வாங்கினான். “எனக்கு நேத்துலேர்ந்து முதுகு வலி மேடம்...”

“பறக்கப் போறதில்லையே அண்ணா! சும்மா உக்காந்து வேகத்தைப் படி. தங்கச்சிக்காக இதுகூடச் செய்ய மாட்டியா?”

கமாண்டர் ஏளனமாகச் சிரித்தார். “பயமா இருந்தா சொல்லுப்பா. எங்கம்மாவை வரச் சொல்றேன்.”

அண்ணன் ஏறினான்.

கண்ணாடி மூடிக்கொண்டது. எஞ்சின் ஊளையிட்டது.

“அண்ணா, நிறுத்தற வேகம் நூத்திப் பத்து. உனக்கு என்ன வருது?”

பின்னாலிருந்து பெல்ட்டை இறுக்கும் சத்தம்.

“அண்ணா?”

“எண்பதுல... நிறுத்திடு பாப்பா.”

“கணக்குப் போட்டியா! நீயா? ஊர்ல இன்னிக்கு மழைதான்!”

“விளையாடாத... எண்பது போதும்.”

“எண்பதுல நின்னா அவர் கணக்கு சரின்னு எப்படிக் காட்டறது?”

த்ராட்டிலை முன்னே தள்ளினாள்.

ஜெட் பாய்ந்தது! தண்ணீர் இருபுறமும் சிதறியது!

“ஐம்பது... எழுபது...” அண்ணனின் குரல் உடைந்தது. “எண்பது! பாப்பா, பிரேக்!”

“இன்னும் இருக்கு.”

“தொண்ணூறு! நிறுத்து! நிக்காதுடி!”

“ஏன் நிக்காது?”

“நிறுத்துடி!!”

“ஏன்னு சொல்லு!”

“டாங்க் நிறைஞ்சிருக்கு! ரெண்டும் ரொம்பி நிக்குது! நாம சாகப் போறோம்!!”

நூற்றுப் பத்து.

அவள் த்ராட்டிலை இழுத்தாள். பிரேக்கை அழுத்தினாள்.

ஜெட் குலுங்கியது... வழுக்கியது... வேகம் குறைந்தது...

நின்றது.

கால்வாய் வெகுதூரத்தில் இருந்தது. நடுவில் ஒரு கிரிக்கெட் மேட்சே ஆடலாம்.

பின் சீட்டில் மூச்சு வாங்கும் சத்தம். “எப்படி... எப்படி நின்னுச்சு?”

“டாங்க் காலி அண்ணா. விசாரணை அன்னிக்கே நானும் கமாண்டரும் போய்த் தட்டினோம். தொப்புன்னு அமுங்குச்சு. ராத்திரியோட ராத்திரியா மேடம் முன்னாடி வடிச்சோம். அது நிறைஞ்சிருந்தது எங்க மூணு பேருக்குத்தான் தெரியும். நாலாவது ஆளைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்.”

அவள் ரேடியோ பொத்தானில் ஒட்டியிருந்த டேப்பைக் காட்டினாள். பொத்தான் அமுங்கியே இருந்தது. டவரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்!

“டாங்க்கை வடிக்க இருந்த மெக்கானிக்குக்கு ஃபோன் பண்ணி, ‘வேற ஷிஃப்ட் வடிச்சுக்கும், நீ போ’ன்னு சொன்னது நீதானே? யார் குரல்னு தெரியலேன்னான் அவன். இப்பத் தெரிஞ்சுடுச்சு.”

அண்ணன் தலையைக் கவிழ்த்தான்.

“அவன் என்னைப் பத்தி எழுதிக் குடுக்கப் போறேன்னான் பாப்பா. நேத்துக் கணக்கையே இன்னிக்கும் எழுதறேனாம். தரையிறங்கற தூரத்தைக்கூடப் பாக்காம இறங்கறேனாம். என் விமானி இறக்கை பேட்ஜையே பிடுங்கப் பாத்தான்! மூணுவாட்டி போட்ட கணக்கும் தப்பும்னு ஊரே சிரிக்கணும்... ஜெட் மண்ணுல சொருகி நிக்கும், அசிங்கப்படுவான்னுதான் நினைச்சேன்... சாவான்னு நினைக்கல!”

“கால்வாய் எவ்வளவு தூரத்துல இருக்குன்னு பாத்தியா?”

அண்ணன் இப்போதுதான் கால்வாய்ப் பக்கம் பார்த்தான்.

“பாத்திருக்க மாட்டே. அதுக்கும் கணக்குப் போடணுமே.”

ஜீப் வந்து நின்றது. கண்ணாடி திறந்தது. விசாரணை அதிகாரி வாயிலிருந்த மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு, கையிலிருந்த தாளைப் படித்தார்.

“மெக்கானிக்கைத் தடுத்தது, நிறைஞ்ச டாங்க்கைக் காலின்னு பொய் சொன்னது, ஒரு உயிர் போகக் காரணமா இருந்தது. ஒத்துக்கறீங்களா? இல்ல, வேற ஏதாவது சொல்லணுமா?”

அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

பம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றினாள். இத்தனை நாளாக வராத கண்ணீர் இப்போதுதான் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக, நகராமல் உட்கார்ந்திருந்தாள்.

“சொல்லேன் அண்ணா... ‘அதேதான்’னு! இந்த ஒரு வாட்டிதான் அது சரியான விடை!”