இரட்டைக் கோடுகள்

மாமனாரின் வாயோரம் மட்டும் பிசிறடித்தது.

அவள் நாடாவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தாள். பழைய வீடியோ நாடாக்களைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. இந்தப் பிசிறெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அந்தக் கால வீடியோவில் ஒரு படம் முழுசாக வராது. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைக் கோடுகள், இமைப்பதற்குள் இரண்டு, நான்கு, ஆறு என இரட்டைக் கோடுகள், இரண்டும் பின்னி ஒரே படமாகத் தெரியும். இடையில் ஆள் அசைந்துவிட்டால் இரண்டும் ஒட்டாமல் ஓரம் சீப்புப் பல்லாகச் சிதறும். பழைய டிவிப் பெட்டியில் அது கண்ணில் படாது. இப்போதைய தட்டை டிவி எல்லாக் கோட்டையும் ஒரே மூச்சில் காட்டுவதால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஆனால் அசையாத இடத்தில் பிசிறு வராது. மாமனாரோ நாற்காலியில் சிலை மாதிரி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, அவளுடைய நாத்தனார். காய்ச்சலில் போய்விட்டாள் என்பார்கள். பின்னால் பிறந்த கணவன் அக்காவின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அதற்காகத்தான் பரணில் தேடி இந்த நாடாவை எடுத்துக் கொடுத்திருந்தான்.

"என்னம்மா, படம் வருதா?" கூடத்திலிருந்து மாமனார் கேட்டார்.

"வருது மாமா. பாப்பா என்ன பண்றா?"

"என் மடியிலதான் இருக்கா. நீ உன் வேலையைப் பாரு."

அந்தக் குரலில் எப்போதும் ஒரு ஈரம் இருக்கும். சாப்பிடும்போது அவர் உதடுகள் ஒட்டிப் பிரியும் சத்தமும், டம்ளர் விளிம்பில் அவர் விட்டுப்போகும் வழவழப்பும் அவளுக்குக் குமட்டும். பெற்ற பெண்ணை அவரிடம் விட்டுவிட்டு வேலையும் பார்த்துக்கொண்டு, மனுஷனைப் பார்த்து இப்படி அருவருக்கிறோமே என்று தன்னையே திட்டிக்கொள்ளவும் செய்வாள்.

கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்தாள். ஒற்றைக் கோடுகளில் மாமனார் சிரித்துக்கொண்டிருந்தார். மடியில் குழந்தை. சரி.

இரட்டைக் கோடுகளைத் திறந்தாள்.

வாய் திறந்திருந்தது. தாடை நெஞ்சு வரை இறங்கி, கழுத்துத் தோல் நனைந்த துணியாகத் தொங்கியது. உள்ளே பல் ஒன்றுகூட இல்லை; வெளிறிய ஈறுகள் மட்டும், மடிப்பு மடிப்பாக, எச்சில் நூல் நூலாக வடிய, தொண்டை வரை போயின. அதற்குள் குழந்தையின் தலை காது வரை புதைந்திருந்தது. அவர் கண்கள் மட்டும் மாறவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்தன.

அடுத்த படம். ஒற்றையில் மடி. இரட்டையில் வாய். அடுத்தது. அதற்கடுத்தது. அவர் குழந்தையைச் சப்பிக்கொண்டிருந்தார். படம் எடுத்தவர் கண்ணுக்கு வெறும் சிரித்த முகம்.

நாடாவின் கடைசியில் ஒற்றைக் கோடுகளிலேயே குழந்தையின் முடி நெற்றியோடு ஒட்டிக் கிடந்தது. முகத் தோல் வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரல் மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

கொஞ்ச நாளாகப் பாப்பாவைக் குளிப்பாட்டும்போது தலையில் கை வழுக்குகிறது. எவ்வளவு தேய்த்தாலும் அந்த ஊசிய வாடை போவதில்லை. வேர்வை என்றல்லவா நினைத்திருந்தாள்!

ஓடினாள்.

கூடத்தில் மதிய வெயில் பளிச்சென்று விழுந்திருந்தது. நாற்காலியில் மாமனார். மடியில் பாப்பா.

"பாப்பாவைக் குடுங்க மாமா."

"இப்பதான் கண்ணு சொக்குது. இருக்கட்டும்மா."

பாப்பாவின் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. யாரும் பிடித்திருக்கவில்லை. அவர் கைகள் நாற்காலிக் கைப்பிடியில்தான் இருந்தன. இன்னும் பலமாக இழுத்தாள். மேலே எங்கேயோ மாட்டியிருந்தது.

கண்ணை மூடித் திறந்தாள். மடியில் பாப்பா. மூடித் திறந்தாள். மடியில் பாப்பா. வேகமாக இமைத்தாள். இன்னும் வேகமாக, இரட்டைக் கோடு கண்ணில் சிக்கும் வரை.

மாமனாரின் உதடுகள் பாப்பாவின் தோள்களைச் சுற்றி இறுகியிருந்தன. வெளியே மிச்சமிருந்த இரண்டு சின்னக் கைகள் தாத்தாவின் உப்பிய கன்னங்களைச் செல்லமாகத் தட்டிக்கொண்டிருந்தன.