பத்தடி தள்ளி

"கிட்ட வராதீங்க."

அவன் அவளிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் அவனுக்குப் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியைப் பார்த்துத்தான் அவள் போனாள். அப்படியே நின்றுவிட்டாள். முகம் சூடேறியது. வயிறு இரைந்தது அவனுக்குக் கேட்டுவிட்டதோ... மூன்று வருடமாக வயிற்றுவலியோடு, அந்தச் சத்தத்துக்கும் பயந்து பஸ்ஸில்கூட ஜன்னலோரம் ஒடுங்கி உட்காருகிறவள் அவள். இன்று ஒருவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

அவன் அவசரமாகத் தன் இடுப்பைக் காட்டினான். அகலமான பெல்ட். அதில் ஒரு சின்னப் பெட்டி. அவள் தன் தொளதொள சட்டைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தது போலவே.

"தப்பா நினைக்காதீங்க... சட்டை புடைச்சிருக்கிறதைப் பார்த்துத்தான் நீங்களும் முழுங்கியிருக்கீங்கன்னு தெரிஞ்சுது."

காலை எட்டு மணிக்கு ஆளுக்கொரு மாத்திரை விழுங்கியிருந்தார்கள். மாத்திரைக்குள் கேமரா. குடல் வழியே நகர்ந்துகொண்டே அது படம் எடுக்கும். இடுப்புப் பெட்டி பதிவு செய்துகொள்ளும். பெல்ட் கட்டிவிட்ட நர்ஸ் அப்போதே எச்சரித்திருந்தாள். இன்று இன்னொருவரும் இதே சோதனைக்கு வந்திருக்கிறார், மாலை வரை பத்தடி தள்ளியே இருங்கள், நெருங்கினால் ஒருவர் படம் இன்னொருவர் பெட்டிக்குள் போய்விடும் என்று.

அந்த இன்னொருவர் யாரோ வயதானவர் என்று அவள் நினைத்திருந்தாள். இப்படி... தூக்கம் கெட்டுச் சிவந்தும், ஓரத்தில் சிரிப்பை விடாத கண்களோடு ஒருவன் இருப்பான் என்று நினைக்கவில்லை.

பத்தடி தள்ளி உட்கார்ந்தாள். பத்தடிக்குக் குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருந்தது. யாரிடமும் முணுமுணுக்கக்கூட வெட்கப்படும் விஷயங்களை, ஒரு அறையே கேட்க, அவன் சாதாரணமாகச் சொன்னான். அவன் லிஃப்ட் மெக்கானிக். இரண்டு வருடமாக வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி. ஒருமுறை ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டின் தலைமேல் சுருண்டு படுத்துவிட்டானாம். எத்தனையோ டாக்டர்கள். எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம்.

"எந்த லிஃப்ட் நின்னாலும் ஏன் நின்னுச்சுன்னு சொல்லிடுவேன். என் வயிறு மட்டும் பிடி குடுக்க மாட்டேங்குது. நீங்க என்ன வேலை?"

விதைப் பரிசோதனைக்கூடத்தில் என்றாள். ஈரத்தாளில் நூறு விதை வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணுகிற வேலை.

"முளைக்காததை?"

"பிரிச்சுப் பார்ப்போம்... ஏன்னு."

"முதல்லயே உங்ககிட்ட வந்திருக்கலாம் போல."

சிரிப்பு வந்தது. சட்டென்று அடக்கிக்கொண்டாள். சிரிக்கிற நாளா இது... அப்பா காலையில் சொன்னது காதிலேயே இருந்தது. "இதுதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் இல்லன்னா, இனிமே இந்த வீட்ல வயித்துப் பேச்சே எடுக்கக் கூடாது." அப்பா கெட்டவர் இல்லை. அலுத்துப்போனவர். சாப்பாட்டுக்குச் சோம்பல், கல்யாணத்தைத் தட்டிக்கழிக்கச் சாக்கு என்று உறவினர்கள் பேசியதை எல்லாம் கேட்டுக் கேட்டு, கடைசியில் அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

அவளுக்கு இருந்த பயமே வேறு. நோய் இருந்துவிடுமோ என்றல்ல... இந்த முறையும் எதுவும் இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று.

மாத்திரை நகர நடக்கச் சொல்லியிருந்தார்கள். மருத்துவமனைக்குப் பின்னால் மதிலோரம் ஒரு நீண்ட நடைபாதை. அவள் முன்னே, அவன் பத்தடி பின்னே. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கூரை இல்லை. பெட்டி நனையக் கூடாது. இரண்டு கையாலும் அதைப் பொத்திக் குனிந்தாள்.

அவனிடம் குடை இருந்தது. அதை விரித்துத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்து நின்றான், அவள் எடுத்துக்கொள்ளட்டும் என்று. இப்போது அவன் பெட்டி நனைந்தது. அவள் குடையை எடுத்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவனை நோக்கி நடந்தாள்.

"பத்தடி..." என்றான்.

"நனையுதே..." என்றாள்.

ஒரு குடை. குடையின் விளிம்பெங்கும் சரம் சரமாகத் தண்ணீர். அவன் இமையில் ஒரு துளி விழவா வேண்டாமா என்று நின்றது. இப்போது கத்திப் பேச வேண்டியதில்லை. ரகசியம் போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்... வலி வருவதற்கு முந்தைய நிமிடம் எப்படி இருக்கும், வீட்டில் யாரும் நம்பாதபோது எப்படி இருக்கும் என்று. அவள் பாதி சொன்னதை அவன் முடித்தான்.

நான்கு நாள் கழித்து ரிப்போர்ட். டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சிறுகுடலின் சுவரில் வரிசையாகப் புண்கள். "இத்தனை நாள் எப்படிம்மா பொறுத்துக்கிட்ட?" என்றார். அவளுக்குக் கண் நிறைந்தது. இருக்கிறது... உண்மையாகவே இருக்கிறது.

வெளியே வந்தால், வராந்தாவில் அவன். கையில் அவனுடைய ரிப்போர்ட். "எனக்கு ஒண்ணும் இல்லையாம்" என்று சிரித்தான். கண் சிரிக்கவில்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கும்போதே கையிலிருந்த ரிப்போர்ட்டில், புண் படத்தின் மூலையில் அச்சாகியிருந்த நேரத்தைப் பார்த்தாள். ஒன்று இருபது. அவர்கள் குடைக்குள் இருந்த நேரம்.

போனைத் துண்டித்தாள். தயங்கித் தயங்கி அவனிடம் சொன்னாள். இந்தப் புண் உங்களுடையதாகவும் இருக்கலாம்...

அவன் தன் ரிப்போர்ட்டைச் சுருட்டிக்கொண்டான். "விட்டுடுங்க. உங்க வீட்ல நம்புறதுக்கு இதாவது கிடைச்சிருக்கு. வச்சுக்கோங்க."

"உங்களோடதா இருந்தா மருந்து உங்களுக்குத்தானே வேணும்?"

அவள் திரும்பி டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். அவனும் பின்னாலேயே வந்தான். மழையில் ஒரே குடையில் நின்றோம் என்று சொன்னாள்.

டாக்டர் படத்தின் நேரத்தைப் பார்த்தார். "அன்னைக்கு மழை ஒரு மணிக்கே விட்டுடுச்சேம்மா. அப்பதான் நான் சாப்பிடக் கிளம்பினேன். இது ஒண்ணு இருபது. அந்த நேரத்துல நீங்க பக்கத்துல இல்லையே... அப்புறம் என்ன?"

தலையை ஆட்டினால் போதும். நோய் அவளுடையதாகிவிடும். அப்பா நம்புவார். அவள் தரையைப் பார்த்தாள். காது மடல் வரை சிவந்தது.

"மழை விட்டது தெரியும் டாக்டர். அதுக்கப்புறமும்... அரை மணி நேரம் நின்னுட்டிருந்தோம். குடைக்குள்ளயே."

 பக்கத்திலிருந்தவன் மூச்சை இழுத்துப் பிடித்தது கேட்டது.

டாக்டர் அவனுடைய பதிவைத் திறந்து, இரண்டையும் அருகருகே வைத்து ஓட்டினார். அந்தப் பத்து நிமிடம் அவளுக்கு மூன்று வருடத்தைவிட நீளமாக இருந்தது. கடைசியில் நிமிர்ந்தார். அவனுடைய கேமரா பன்னிரண்டு மணிக்கே பெருங்குடலுக்குப் போய்விட்டது. இந்தப் புண் இருப்பது சிறுகுடலில். சந்தேகமே இல்லை, அவளுடையதுதான். அவனுக்கு வேறு வழியில் தேடலாம், இன்னும் சில சோதனைகள் இருக்கின்றன என்றார்.

வராந்தாவிலிருந்து அப்பாவிடம் போனில் சொன்னாள்.  "நான் கிளம்பி வரேம்மா... அங்கயே இரு" என்றார், உடைந்த குரலில்.

போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மழை விட்டது எனக்கும் தெரியும்" என்றான் மெதுவாக. "குடையை மடக்கினா நீங்க தள்ளிப் போயிடுவீங்களேன்னு... மடக்கல."

அவள் அவன் கையில் கசங்கிக்கொண்டிருந்த அந்தச் சுத்தமான ரிப்போர்ட்டைப் பார்த்தாள். இதை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவான். பார்த்தியா, எல்லாம் உன் நினைப்புதான் என்பார்கள். அந்த வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"இதுல என்ன எழுதியிருந்தாலும்... வலிக்குதுன்னு நீங்க சொன்னா எனக்குப் போதும். நான் நம்புறேன். அடுத்த சோதனைக்குத் தனியா வராதீங்க. நான் கூட வரேன். அதுக்கடுத்ததுக்கும்..."

அவன் திரும்பினான். கண்கள் தளும்பியிருந்தன.

"ரெண்டு வருஷமா இதை யாரும் என்கிட்ட சொன்னதில்ல. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

சொன்னாள். இந்த முறை அவன் முகத்தைப் பார்த்து.