உப்பளத்தில் நீல விளக்கு

நோவுகாட்டியில் நீல விளக்கு எரிந்ததும் ராசம்மாள் தன் முதுகைத்தான் தடவினாள்.

"பொய் சொல்லுது டாக்டரம்மா. வலி இங்கதான் இருக்கு."

"அங்கதான்க்கா இருக்கு. கிளம்புற இடம்தான் வேற," என்றாள் உப்பளத்து மருத்துவர் நிலோஃபர்.

சிவப்பு எரிந்தால் அது தசையும் எலும்பும் அனுப்பும் நோவு. நீலம் எரிந்தால், சோர்வும் பதற்றமும் முற்றிய மூளை உடம்பு வழியாகப் போடும் கூச்சல். இரண்டும் ஒரே மாதிரிதான் வலிக்கும்.

இந்த விளக்கம் ராசம்மாளுக்குச் சோறு போடாது. அளத்தில் எல்லோருக்கும் இப்போது சுமைச்சட்டை. நரம்பின் சேதியைக் கேட்டு, அந்த இரும்பு முதுகே உப்பை அள்ளி அம்பாரத்தில் கொட்டும். பதறுகிற நரம்பைத் தப்பாகக் கேட்டால் உள்ளே இருக்கும் ஆளையே முறித்துவிடும். அதனால் நீலம் எரிந்தவர் சட்டையைக் கழற்ற வேண்டும். மறுசோதனையிலும் நீலமே என்றால் வேலை போய்விடும். சிவப்புக்குத் தைலமும் லீவும் உண்டு.

வெளியே நின்ற பழைய கூட்டாளி முத்துக்கனி இதைக் கேட்டதும் சொன்னாள்: "சிவப்பு எரியணும், அவ்வளவுதானட்டி? முதுகு நெசமாவே நொந்தா எரியாமலா போவும்? சட்டை வருமுன்ன உப்பு சுமந்த பழைய ஓலைப்பெட்டி கிடக்குல்லா!"

வேலை தொடங்குமுன் இருவரும் வெறும் தலையில் உப்புப்பெட்டி சுமந்தார்கள். தினமும். சட்டை வந்தபின் ஆளுக்கொரு மூலையில் பாத்தி. ஒருத்தி முகம் இன்னொருத்திக்குத் தெரியாமலே பொழுது போய்க்கொண்டிருந்தது.

இப்போது பெட்டியோடு நடக்கையில் ராசம்மாள் கேட்டாள்: "ஒம் மருமவன் இன்னும் மீசைக்கு மை போடுதானா?"

"மீசை எங்கட்டி இருக்கு? மைதான் இருக்கு."

ராசம்மாள் சிரித்ததில் பெட்டி சரிந்து உப்பு கொட்டியது.

"சிரிக்காதட்டி, முதுகு நோவணும்!"

மறுசோதனையில் சிவப்பு எரிந்தது. நீலமோ மங்கிப்போய்க் கிடந்தது. நிலோஃபர் கருவியைத் தட்டிப் பார்த்தாள்.

"வெளியில வைத்தியம் ஏதும் பாத்தீங்களா?"

ராசம்மாள் மறைக்கவில்லை. நிலோஃபர் முதலில் கத்தினாள்: "முதுகெலும்பு ஜவ்வு நழுவியிருந்தா என்னக்கா செய்வீங்க?" பிறகு, சுமந்தபோது என்ன பேசினார்கள் என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள். பெட்டி கூடாது, தான் முதல் நாளே கொடுத்த மாத்திரையும் நரம்பொத்தடமும் தொடர வேண்டும், இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தி தர வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினாள். ராசம்மாளுக்குச் சட்டை திரும்பக் கிடைத்தது. மழைக்காலத்துக்குள் முதுகுவலி அநேகமாக விட்டது, நீலமும் அணைந்தது.

தலைமை அலுவலகம் அந்தக் கடிதத்தை முழுதாகப் படிக்கவில்லை. சுமந்தபின் நீலம் குறைந்தது என்ற வரி போதுமானதாக இருந்தது. அங்கே முக்கால்வாசிப் பேருக்கு நெஞ்சுவலி, வயிற்றுவலி. நோவுகாட்டியில் கையை வைத்தால் நீலம்தான்.

ஒரு காலையில் அதிகாரிகள் கையுறையோடு வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பெட்டி, காதில் ஆளுக்கொரு ஒலிக்குமிழ். வரிசையாக, வாய் திறக்காமல், வேர்க்க வேர்க்கச் சுமந்தார்கள். நாலு நாளாகியும் ஒருவருக்கும் நீலம் குறையவில்லை.

ராசம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சட்டைக்குள்ளிருந்தே கத்தினாள்: "இப்படி ஊமையாச் சுமந்தா முதுகுதான் போவும், சார்! கழுதைகூட நடுவுல ஒரு சத்தம் போடும்."

வரிசை நின்றது. கடைசியில் வந்தவர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, முன்னால் நின்றவரின் தோளைத் தொட்டார்.

"உங்களுக்கும் தூக்கம் வர்றதில்லையா?"

முன்னால் நின்றவர் தன் காதில் இருந்த குமிழைக் கழற்றினார்.