புல், புதர், பிணம்!

"பாம்பு... பாம்பு... யாராவது வாங்களேன்!"

ஞாயிற்றுக்கிழமை காலை. கூரல்பா என்கிற அந்தச் சின்ன ஊரில், வாட்டில் தெரு முழுவதும் அந்த அலறலில்தான் கண் விழித்தது.

அலறியவள் வால்டா ஹாஸ்கின். அறுபதைத் தாண்டியும் கைகளில் தோட்ட வேலையின் உரம் குறையாதவள். தெருவிலேயே அழகான தோட்டம் அவளுடையது. ஆனால் அவள் அப்போது நின்றுகொண்டிருந்தது தெருவிலேயே அசிங்கமான தோட்டத்தில்!

பக்கத்து வீட்டுத் தோட்டம். இடுப்பளவு காய்ந்த புல். வேலியை விழுங்கிவிட்ட முள்புதர். சக்கரம் இல்லாத ஒரு பழைய கார். அதற்குப் பக்கத்தில், பின்வாசல் படியடியில், மல்லாந்து கிடந்தான் வீட்டுக்காரன் கிளைட் ராசிட்டர்.

பின்மண்டை பிளந்திருந்தது. படியின் சிமெண்ட் விளிம்பில் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. திறந்திருந்த ஒரு கண்ணின் மேல் எறும்பு ஊர்ந்து போனது.

வலது கணுக்காலில் அடுத்தடுத்து இரண்டு துளைகள்.

வேலி ஓரம் ஓடிவந்தவர்களிடம் வால்டா அழுதுகொண்டே சொன்னாள். பழுப்புப் பாம்பு கடித்திருக்க வேண்டும்... பயந்து ஓடியிருக்கிறான்... தடுக்கி விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறான்.

அழுதாலும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தாள். பாதத்திலிருந்து தொடை வரை இறுக்கமான கட்டு. கடிவாயைக் கழுவவில்லை; எந்தப் பாம்பின் விஷம் என்று அதைத் துடைத்துப் பார்த்துத்தான் டாக்டர்கள் கண்டுபிடிப்பார்கள். கட்டின் மேல், கடிவாய்க்கு நேராக, பேனாவால் ஒரு பெருக்கல் குறி. விஷப்பாம்புகள் மலிந்த அந்த நாட்டில் பல் முளைத்த பிள்ளைக்கும் தெரிந்த முதலுதவி அது.

ஆம்புலன்ஸ்காரனே அந்தக் கட்டைப் பார்த்துப் பாராட்டினான்.

எல்லாம் சரி... ஆனால் கிளைடைக் கடித்தது பாம்பே இல்லை!

வால்டாவின் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்த, களை பிடுங்கும் இரட்டைப் பல் கம்பி.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் கிளைட் வேலியருகே வந்து நின்றான். அபூர்வமாக முகச்சவரம் செய்திருந்தான். சிரித்துக்கொண்டே அவளிடம் ஒரு விஷயம் சொன்னான். என்ன சொன்னான் என்று கேட்காதீர்கள், அதற்கு நேரம் இருக்கிறது. அவள் முகம் வெளுத்தது. அவன் அதைக் கவனிக்காமல் திரும்பி நடந்தான்.

அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள்.

முதல் அடி, பிடரிக்கு மேலே. இரும்பின் பின்பக்கம். மடாரென்று ஒரு சத்தம்.

கிளைட் விழவில்லை. திரும்பினான். காதிலிருந்து ரத்தம் வழிய, புரியாமல் அவளைப் பார்த்தான்.

"வால்டா... என்ன இது...?"

இரண்டாவது அடிக்குப் பிறகு அவன் எதையும் கேட்கவில்லை.

அவனைப் படி வரை இழுத்துப் போய், உடைந்த மண்டையைச் சிமெண்டில் பொருத்தினாள். கணுக்காலில் கம்பியைக் குத்தினாள். கட்டுப் போட்டாள். குறி போட்டாள். அப்புறம்தான் அந்த அலறல்.

தப்பிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஊர் அவளுக்கு ஒத்தாசையாகத்தான் இருந்தது. கிளைடுக்காக ஒருத்தரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. போன வருஷத்துக்கு முந்தின கோடையில் அவன் வீட்டுக் காய்ந்த புல்லில் பற்றிய நெருப்பு வாட்டில் தெருவின் பாதி வேலிகளைத் தின்றுவிட்டுத்தான் அடங்கியது. அதற்குப் பிறகும் அவன் புல்லைத் தொடவில்லை. கவுன்சில்காரர்கள் மிரட்டிப் பார்த்தார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் அவன் மூக்கை உடைத்தே பார்த்தான். கிளைட் பஞ்சை மூக்கில் செருகிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து பீர் குடித்தான். மதுக்கடையில் இப்போது பேச்சு ஒன்றுதான்... அந்தப் பாம்பு கண்ணில் பட்டால் அதற்கு ஒரு பீர் வாங்கிக் கொடுக்க வேண்டும்!

வால்டா மேல் மட்டும் எல்லோருக்கும் இரக்கம். அந்தக் காட்டை ஒட்டிக் குடியிருந்தவள். போதாததற்கு அவள் கணவன் மெர்வ் போன இலையுதிர் காலத்தில் அவளை விட்டுவிட்டு, எவளையோ தேடிக் குவீன்ஸ்லாந்து போய்விட்டான். அதுவரை கிளைடை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தவள், அதற்குப் பிறகு அடியோடு மாறிவிட்டாள். அவனுக்குக் கேக் செய்து கொடுத்தாள். தனிமை மனுஷியை இளக வைத்துவிட்டது என்று ஊர் சொன்னது.

ஊர் எதைத்தான் சரியாகச் சொல்லியிருக்கிறது!

திங்கட்கிழமை காலை போன் அடித்தது.

எடுத்தவள் துப்பறியும் அதிகாரி ஷெரில் டகன். பேசியவர் பிணப் பரிசோதனை டாக்டர்.

"ஷெரில், உங்க ஆளைப் பாம்பு கடிக்கல."

"காலைப் பாத்தீங்களா டாக்டர்? ரெண்டு ஓட்டை இருக்கு."

"ஓட்டைதான் இருக்கு. விஷம் இல்ல. கடிவாயைத் துடைச்சு எடுத்துப் பாத்தாச்சு, ரத்தத்தையும் பாத்தாச்சு. ஒரு துளிகூட இல்ல. அந்த ஓட்டை விழும்போது மனுஷன் ஏற்கெனவே போய்ச் சேர்ந்துட்டான். இன்னொண்ணு, மண்டையில அடி ரெண்டு. செத்தவன் எந்திரிச்சு மறுபடியும் படியில விழமாட்டான்."

ஷெரில் குறிப்பேட்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "கடிவாயைக் கழுவியிருந்தா?"

"நான் கொஞ்சம் குழம்பியிருப்பேன். முடிவு சொல்ல இன்னும் ரெண்டு நாள் ஆகியிருக்கும். அந்தம்மா கழுவல. எங்க பாக்கணும்னு பேனாவால குறி வேற போட்டுக் கொடுத்திருக்காங்க. அருமையான முதலுதவி."

கொலை செய்த கைக்குப் பழக்கம் விடவில்லை. ஷெரில் காரை எடுத்தாள். கூடவே கான்ஸ்டபிள் ஸ்டாவ், வாய் மட்டும் எப்போதும் டியூட்டியில் இருக்கும் இளைஞன்.

வால்டா அவர்களைப் பின் வராந்தாவில் உட்காரவைத்து டீயும், தேங்காய்த்தூள் புரட்டிய கேக்கும் வைத்தாள். ஸ்டாவ் கேக்கில் கை வைத்தான். ஷெரில் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். வால்டா கலங்கவில்லை. அப்படியானால் எவனோ அடித்துப் போட்டிருக்கிறான் என்றாள். கிளைடுக்குத்தான் விரோதிகளுக்குப் பஞ்சமில்லையே, மெக்கானிக்கைக் கேட்டுப் பாருங்கள் என்றாள்.

"கேக்கறோம்," என்றாள் ஷெரில். "அதுக்கு முன்னாடி ஆயுதம் வேணும். அடிச்சவன் அந்தப் புல்லுக்குள்ளதான் வீசியிருக்கணும். புல்வெட்டுற டிராக்டருக்குச் சொல்லியிருக்கேன், வந்துட்டே இருக்கு. மொத்தத்தையும் தரையோட தரையா வழிச்சுட்டுத் தேடப்போறோம்."

வால்டாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"வேண்டாம் கண்ணு," என்றாள்.

"என்ன வேண்டாம்?"

"தேட வேண்டாம். நான்தான் அடிச்சேன்."

ஸ்டாவுக்குக் கேக் தொண்டையில் அடைத்துக்கொண்டது.

வால்டா எழுந்துபோய்க் கொட்டகையிலிருந்து மண்வெட்டியையும் இரட்டைப் பல் கம்பியையும் கொண்டுவந்து, கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். எத்தனை வருஷம் அந்தப் புல்லைச் சகித்துக்கொண்டிருந்தாள், எத்தனை பாம்பு அவள் ரோஜாவுக்குள் வந்தது, நெருப்பன்று குழாயோடு கூரை மேல் நின்று எப்படி அழுதாள்... நேற்றும் வெட்டச் சொல்லிக் கேட்டாளாம். முடியாது என்று சிரித்தானாம். கண் இருண்டுவிட்டதாம்.

"ஆத்திரத்துல நடந்துபோச்சு. நீதிபதியும் ஒரு தோட்டம் வெச்சிருப்பார். அவருக்குப் புரியும்," என்றாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள். "டிராக்டரைத் திருப்பி அனுப்பிடலாம்ல? அதான் ஆயுதம் கெடச்சாச்சே."

ஷெரிலுக்கு அந்தக் கேள்வி நெருடியது. கொலையை ஒப்புக்கொண்ட யாரும் வக்கீலைப் பற்றிக் கேட்பார்கள், ஜெயிலைப் பற்றிக் கேட்பார்கள். இவள் டிராக்டரைப் பற்றிக் கேட்கிறாள்.

பக்கத்து வீட்டு வாசலில் டிராக்டர் உறுமிக்கொண்டு வந்து நின்றது. ஓட்டிவந்தவர் டக்கி, தொப்பையும் தொப்பியுமாக ஒரு பெரியவர். இன்ஜினை அணைக்காமலேயே இறங்கி, எரிந்துபோன வேலியின் இடைவெளியில் நின்று தலையைச் சொறிந்தார்.

"எப்படியும் இன்னிக்கு நான் இங்க வர்ற நாள்தான்ம்மா. கிளைட் போன வாரமே சொல்லி வெச்சிருந்தான்," என்றார்.

ஷெரில் மெல்ல எழுந்தாள். "எதுக்கு?"

"புல்லை வழிக்கத்தான். தோண்டுற மெஷினும் கேட்டான், முழுசாக் கிளறி ரோஜா வைக்கணுமாம். இத்தனை வருஷம் இல்லாம என்னடா திடீர்னு கேட்டா, வெக்கப்படறான். பக்கத்து வீட்டு வால்டா ரொம்ப நல்ல மனசுக்காரி, அவளுக்காகத்தான்னான். ஞாயித்துக்கிழமை காலையில வேலிக்கிட்டப் போய்ச் சொல்லி அசத்தப்போறேன்னான், பாவம்."

ஷெரில் வால்டாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"வெட்டறேன்னு சொல்ல வந்தவனையா, வெட்டலைன்னு அடிச்சுக் கொன்னீங்க?"

வால்டா இரட்டைப் பல் கம்பியை எட்டி எடுத்தாள்.

ஸ்டாவ் கையை நீட்டுவதற்குள் அது அவன் தொடையில் பிடி வரை இறங்கியிருந்தது. அவன் கத்திக்கொண்டே மேஜையோடு சரிந்தான். டீ, கேக், ரத்தம் எல்லாம் தரையில். வால்டா மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலி இடைவெளிக்கு ஓடினாள். குறுக்கே நின்ற டக்கியின் தோளில் ஒரே போடு. எலும்பு முறிகிற சத்தம் வராந்தா வரை கேட்டது.

"யாரும் புல்லைத் தொடக்கூடாது... யாரும்!"

டிராக்டரின் இருக்கையில் பாதி ஏறிவிட்டாள். சாவியைத் தேடிய கை வேறெதையோ இழுத்தது. வண்டி ஒரு குலுக்கலோடு புல்லுக்குள் நகர்ந்தது. பின்னால் வெட்டுக்கத்தி சுழல ஆரம்பித்தது.

ஷெரில் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தாள். இருவரும் முள்ளுக்குள் உருண்டார்கள். கன்னத்திலும் கழுத்திலும் முள் கிழித்தது. வால்டா மேலே ஏறி உட்கார்ந்து, மண்வெட்டிக் கம்பை ஷெரிலின் குரல்வளையில் குறுக்கே வைத்து முழு பலத்தோடு அழுத்தினாள். மண்ணைக் கொத்திக் கொத்தித் தேறிய கைகள் அவை. ஷெரிலின் கண்களில் பூச்சி பறந்தது. காலை உதறினாள். மூச்சு வரவில்லை. கையில் அகப்பட்ட ஒரு செங்கல் துண்டை எடுத்து வால்டாவின் முகத்தில் அடித்தாள். விடவில்லை. மறுபடியும் அடித்தாள். பல் தெறித்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

ஆளில்லாத டிராக்டர் முள்புதரின் நடுவே ஒரு மண்மேட்டில் ஏறியிருந்தது. சுழன்ற கத்தி மண்ணை வாரி இறைத்தது. எதையோ கடித்தது... கரகரத்தது... துப்பியது.

துப்பப்பட்ட பொருள் புல்லின் மேலாகப் பறந்துவந்து வால்டாவின் முழங்காலருகே விழுந்தது.

ஆண்கள் போடும் ஒரு பூட்ஸ்.

அதற்குள்ளிருந்து ஒரு வெள்ளை எலும்பு எட்டிப் பார்த்தது.

வால்டாவின் பிடி தளர்ந்தது. டிராக்டர் பழைய காரில் முட்டி அணைந்தது. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஷெரில் இருமியபடி எழுந்து, வால்டாவின் கைகளைப் பின்னால் வளைத்து விலங்கு மாட்டினாள்.

"யாரு இது வால்டா?"

"மெர்வ்." உதட்டிலிருந்து ரத்தம் வடியச் சொன்னாள். "என் ரோஜாவையெல்லாம் பிடுங்கிட்டு, படகு நிறுத்த சிமெண்ட் போடறேன்னான். சிமெண்ட் மூட்டையே வந்து எறங்கிடுச்சு கண்ணு. வேற என்ன பண்ணச் சொல்றே?"

அவனைத் தன் தோட்டத்தில் புதைத்து ரோஜாவைக் கலைக்க அவளுக்கு மனசில்லை. மனிதக் கால் படாத இடம் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. தள்ளுவண்டியில் வைத்து வேலி இடைவெளி வழியாகத் தள்ளிப் போனாள், முள்ளுக்குள் மண்ணைப் போட்டு மூடினாள். அன்றிலிருந்து அந்தப் புல் அப்படியே நிற்க வேண்டும் என்பதுதான் அவள் கவலை. ஒரு கொலையை ஒப்புக்கொண்டாவது இன்னொன்றை மறைத்துவிடலாம் என்று பார்த்தாள்.

"கிளைட்கிட்ட நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன்," என்றாள். "புல்லு அழகா இருக்கு, பறவை வருது, அப்படியே விட்டுடுன்னு கேட்டேன். ஊரே திட்டும்போது அசையாதவன்... நாலு கேக்கைக் கொடுத்ததும் என் மேல ஆசைப்பட்டுட்டான். நான் மரியாதைக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டான், மடையன். நல்லவனா மாற வந்துட்டான்."

அப்போதுதான் அவள் நிஜமாக அழுதாள். கிளைடுக்காக அந்த ஊரில் விழுந்த முதல் கண்ணீர் அது. கொன்றவளுடையது.

ஸ்டாவ் தொடையைத் துணியால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து சேர்ந்தான். பூட்ஸைப் பார்த்தான். மண்மேட்டைப் பார்த்தான்.

"என்ன பாஸ், மெர்வ் குவீன்ஸ்லாந்து போயிட்டார்னு ஊரே சொல்லுச்சு?"

ஷெரில் கழுத்தைத் தடவிக்கொண்டாள்.

"கெளம்பினது நெஜம்தான் ஸ்டாவ். பக்கத்து வீட்டுல கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டுப் போகலாம்னு படுத்திருக்கார், யாரும் எழுப்பல!"