காம்பு மட்டும் மிச்சம்

"இதுல பழம் வந்தா யாரு பறிக்கப் போறா? எறும்பா?"

பக்கத்து வீட்டு பல்தசார் மாமா இப்படிக் கேட்டபோது தெல்மிராவுக்கு ஐந்து வயது. அவள் அப்பாவோடு மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்திருந்தாள். கையில் ஈரச் சாக்கில் சுற்றிய ஒரு கரிக்கட்டை. அதன் தலையில் இரண்டு பச்சைத் தளிர்கள்.

அந்தக் கோடையில் மலை முழுவதும் தீப்பிடித்து எரிந்திருந்தது. ஸ்ட்ராபெரி போலச் சிவந்த பழம் காய்க்கும் ஸ்ட்ராபெரி மரங்களும் எரிந்தன. ஆனால் அவை பிடிவாதக்கார மரங்கள். மேலே கரியாகிப் போனாலும் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்த்துவிடும். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டு, வளர வழியில்லாமல் கிடந்த ஒரு குட்டிக் கட்டையைத்தான் தெல்மிரா தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்தாள்.

"தட்டுல வெச்சு போன்சாயா வளர்க்கப் போறேன், மாமா. பழமும் வரும்."

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். அந்த ஊரில் ஸ்ட்ராபெரி மரம் என்றால் மலை உயரத்தில் நிற்க வேண்டும். இலையுதிர் காலம் வந்தால் ஊரே இடுப்பில் வாளி கட்டிக்கொண்டு மேலே ஏறும். பறித்த பழத்தைப் பீப்பாயில் ஊறப் போட்டு, குளிர்காலம் முடியும்போது சாராயம் காய்ச்சுவார்கள். பறிப்பதில் பல்தசார் மாமாவை மிஞ்ச ஆள் கிடையாது. பேசிக்கொண்டே பறிப்பார். பாடிக்கொண்டே பறிப்பார். தூங்கும்போதும் அவர் விரல் சும்மா இருக்காது என்று அவருடைய மனைவியே சொல்வாள்.

தெல்மிராவின் மரம் முதலில் ஒரு மரப்பெட்டியில் வளர்ந்தது. பிறகு ஆழமில்லாத மண்தட்டுக்கு மாறியது. வேரைக் கொஞ்சம் வெட்டினாள். கிளைகளில் செம்புக் கம்பி சுற்றி மெதுவாக வளைத்தாள். வடிவம் கெடக்கூடாது என்று ஒவ்வொரு கோடையிலும் நுனிகளைக் கிள்ளிவிட்டாள். மரம் அழகாகத்தான் இருந்தது. பூ மட்டும் வரவில்லை.

ஒருநாள் மலையில் பெரிய மரங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பூக்கொத்தெல்லாம் கிளை நுனியில்தான் தொங்கின. "அய்யோ அப்பா, நான் பூவையெல்லாம் அது பிறக்கிறதுக்கு முன்னாடியே கிள்ளிப் போட்டிருக்கேன்" என்றாள்.

அன்றிலிருந்து சில நுனிகளை விட்டுவைத்தாள். அந்த வருடம் பூ வந்தது. பிஞ்சுகள் அனல்காற்றில் உதிர்ந்தன. அடுத்த வருடமும் பூ வந்தது. அதில் மூன்று பிஞ்சுகள் பிடித்துக்கொண்டன. பழுக்க ஒரு வருடம் ஆகும் என்பதால் அவள் காத்திருந்தாள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் செம்மஞ்சளாகி, கடைசியில் நல்ல சிவப்பாயிற்று. மரம் முழங்கை உயரம்தான். ஆனால் பழங்கள் மலைப்பழம் அளவுக்கே பெரிதாக இருந்தன. குட்டி மரத்தில் யாரோ மூன்று விளக்குகளைத் தொங்கவிட்டதுபோல் இருந்தது.

இலையுதிர் காலத்தில் வரும் புனித மார்ட்டின் திருநாளன்று ஊர் மன்றத்தில் செடிக் கண்காட்சி. இப்போது பதினொரு வயதாகும் தெல்மிரா, பழத்தோடு மரத்தை அங்கே வைக்கப் போவதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் மதியம், இலையைத் துடைப்பதற்காக மரத்தை முற்றத்துச் சுவர்மேல் வைத்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போனாள். வெளியே பல்தசார் மாமாவின் குரல் கேட்டது. அப்பாவிடம் கயிறு கேட்டார். பிறகு இருவரும் அப்பாவின் ரொட்டி வண்டி டயரைப் பற்றிப் பேசினார்கள். மாமா போய்விட்டார்.

தெல்மிரா வெளியே வந்தாள். கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

பழங்கள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

 அவள் முகத்தைப் பார்த்த அப்பா ஓடி வந்தார்.

"குருவி ஏதாவது தின்னிருக்குமோ?"

தெல்மிரா குனிந்து பார்த்தாள். "பறவை கொத்தினா துணுக்கு சிந்தியிருக்கும்பா. இங்க பாருங்க, காம்பு அப்படியே நிக்குது."

காம்பு பீப்பாய்க்குள் போனால் சாராயம் கசக்கும். அதனால் பழக்கப்பட்ட கை பழத்தை லேசாகத் திருகி, காம்பை மரத்திலேயே விட்டுவிடும்.

அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் பக்கத்துலயே நின்னேனே," என்றார் அப்பா. அவர் முகம் வெளுத்துவிட்டது. "அவர் பறிக்கிறதைப் பார்த்துப் பார்த்துப் பழகினதுல, கண்ணுல படவே இல்லையே, தெல்மிரா."

இருவரும் போனபோது, பல்தசார் மாமா தன் கொட்டகையில் பழத்தைப் பீப்பாயில் கொட்டிவிட்டு, காலி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமா, என் பழத்தைப் பறிச்சீங்களா?"

"நானா? உன் பழத்தையா? என்ன பேச்சு பேசுற நீ? அதைத் தொட எனக்கு மனசு வருமா?" மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "மலையில இருந்து வாளியோட வந்து சுவர்ல சாஞ்சு நின்னேன். கயிறு கேட்டேன். உங்கப்பா டயர் தேஞ்சு போச்சுன்னாரு. நான் சொன்னேன், இந்தக் குளிர்காலம் தாங்கும்னு..."

அவர் சொல்லச் சொல்ல அவருடைய வலது கை தானாக மேலே எழுந்தது. காற்றில் எதையோ பிடித்து லேசாகத் திருகியது. வாளிக்குள் போட்டது. மறுபடி எழுந்தது. திருகியது. போட்டது.

மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். மாமாவும்தான் பார்த்தார், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல.

மாமா பக்கத்தில் இருந்த பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார். அடுத்த நொடியே எழுந்து, சட்டையைச் சுருட்டிக்கொண்டு முழங்கைவரை பீப்பாய்க்குள் கையை விட்டுத் துழாவினார்.

"எது உன்னோடது? சொல்லு, எடுத்துடலாம்."

பீப்பாய் நிறையச் சிவப்புக் கூழ். எதைக் காட்டுவாள்?

"இப்பவே மலைக்குப் போறேன்," என்றார் மாமா. கையிலிருந்து கூழ் சொட்டியது. "நல்ல பழமா மூணு கொண்டாந்து கம்பியில கட்டிடலாம். யாருக்குத் தெரியப்போகுது?"

தெல்மிராவுக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"அது மலையில காய்ச்சது மாமா. இந்த மரத்துல காய்ச்சதில்லையே," என்று சொல்லிவிட்டு, அழுகை வருவதற்குள் வீட்டுக்கு ஓடினாள்.

கண்காட்சிக்குப் போவதே இல்லை என்று முடிவு செய்தாள். மரத்தின் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆறு வருடத்துக்கு மூன்று காம்புகள். அவற்றை உற்றுப் பார்த்தபடியே இருந்தவள், மெதுவாக நிமிர்ந்தாள். பிறகு ஒரு அட்டையும் பேனாவும் தேடி எடுத்தாள்.

மறுநாள் மன்றத்தில் சுட்ட செஸ்நட் கொட்டை வாசனை அடித்தது. வகுப்புப் பிள்ளைகள் அவள் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பழம் பழம்னு சொன்னியே, எங்கடி?"

"கனவுல காய்ச்சிருக்கும்."

அர்லிந்தா டீச்சர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மரத்தின் முன்னால் இருந்த அட்டையைச் சத்தமாகப் படித்தார்.

"இந்த ஆண்டு அறுவடை முடிந்தது."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டீச்சர் குனிந்து காம்புகளை ஆராய்ந்தார். "அட, நிஜமாவே பறிச்சிருக்காங்க. காம்பு எவ்வளவு சுத்தமா நிக்குது. யாரு பறிச்சது?"

கதவோரம் நின்ற பல்தசார் மாமா தொப்பியைக் கழற்றிக் கசக்கினார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

"எறும்பு இல்ல, டீச்சர்," என்றாள் தெல்மிரா. "இந்த ஊர்லயே நல்லாப் பறிக்கிறவர்தான் பறிச்சாரு."

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. அது யார் என்று அந்த ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன பல்தசார், இதுக்கும் வாளி கட்டிட்டுப் போனியா?" என்றார் ஒருவர்.

"எத்தனை பீப்பாய் தேறிச்சு?" என்றார் இன்னொருவர்.

மன்றமே சிரித்தது. தெல்மிராவின் அப்பாவும் சிரித்தார். "மத்த மரமெல்லாம் சும்மா அழகுக்கு நிக்குது. இது ஒண்ணுதான் வேலை செஞ்சிருக்கு," என்றார் டீச்சர். மரத்தைக் கிட்டப் பார்க்க வரிசையே நின்றது.

கூட்டம் குறைந்ததும் மாமா தயங்கித் தயங்கி மேசை அருகே வந்தார். காம்புகளுக்கு மேலே, கிளைகளின் நுனியில், குட்டி மணிகள்போல வெள்ளைப் பூக்கள் தொங்கின. அடுத்த வருடப் பழங்கள்.

அவருடைய வலது கை மெல்ல மேலே எழுந்தது.

தெல்மிரா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

மாமா அந்தக் கையை முறைத்துப் பார்த்தார். பிடித்து இழுத்துக் கால்சட்டைப் பையில் திணித்தார். எதற்கும் இருக்கட்டும் என்று இடது கையையும் இன்னொரு பையில் திணித்துக்கொண்டார். பிறகு இரண்டு கைகளையும் வெளியே எடுக்காமலேயே, கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு போனார்.